கதவு எண் உள்ள வீடு

ஓர் உத்தரவு யாருக்கு இடப்பட்டதோ, அவர் குடியிருக்கும் இடத்துக்கே அது போய்ச் சேர வேண்டும். நேரில் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும். ஆள் இல்லையென்றால் வயது வந்த குடும்பத்தாரிடம் கொடுக்கலாம். யாருமே இல்லையென்றால் இரண்டு சாட்சிகளை வைத்துக்கொண்டு வாசற்கதவில் ஒட்ட வேண்டும். வருவாய்த் துறையில் முப்பது வருஷம் இருந்து, எத்தனையோ கதவுகளில் பசை தடவி ஒட்டிவிட்டு ஓய்வு பெற்றவள் நான். விதியில் ஒரு குறையும் கிடையாது. விதிகளில் எப்போதுமே குறை இருந்ததில்லை.

என் தம்பி மகன் சென்னைக்கு இரண்டு நாள் போவதற்கு மூன்று நாள் போனில் விடுதி தேடுகிறான். "எங்க தங்கலாம், சொல்லுங்க அத்தை" என்று என்னிடமும் கேட்கிறான். எனக்கு எரிச்சல்தான் வருகிறது. பதினோரு வயதில் ஒரே ஒரு முறை நான் அதைத் தேர்ந்தெடுத்துச் சொல்லியிருக்கிறேன். போதும்.

மன்னார்குடிக்குத் தெற்கே, மிராசுதாரின் நிலத்தில் ஒரு மூலையில் எங்கள் குடிசை இருந்தது. விவசாயக் கூலிகளின் குடிசை நிற்கும் மனை அவர்களுக்கே சொந்தம் என்று அப்போது புதிதாகச் சட்டம் வந்திருந்தது. அதைக் கொண்டாட ஊரில் மேடை போட்டார்கள். அந்த வருஷம்தான் துண்டின் கரையை ஆளுங்கட்சி நிறத்துக்கு மாற்றியிருந்த மிராசுதார், மேடையில் முதல் நாற்காலியில் உட்கார்ந்து கைதட்டினார். தாலுகா அலுவலகம் மனை அப்பாவுக்கே என்று தீர்ப்புச் சொன்னதும், அது தன் மாட்டுக் கொட்டகை, அப்பா அதன் காவலாள் என்று சென்னைக்கு மேல்முறையீடு செய்தார். கைதட்டிய கையின் சூடு ஆறியிருக்குமா என்பது சந்தேகம்.

விசாரணைக்கு அப்பா சென்னை போக வேண்டும். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆறாம் வகுப்பில் என் கையெழுத்துக்கு நல்ல பெயர். ஆகவே நானும் போவதென்று முடிவாயிற்று. எங்கே தங்குவது?

கூலிகள் பக்கம் நின்ற கட்சியின் கிளைச் செயலாளர், எம்.எல்.ஏ. விடுதி அறையில் தரையில் படுத்துக்கொள்ளலாம் என்றார். ஏற்கெனவே பதினோரு பேர் படுத்திருப்பார்களாம். பெண்பிள்ளைக்கு வசதிப்படாது என்றும் அவரே சொல்லிவிட்டார். அம்மாவின் தம்பி, என் மாமா, வியாசர்பாடியில் தண்டவாளத்தை ஒட்டிக் குடிசை போட்டிருந்தார். "இடம் சின்னதுதான். நீங்க வாங்க" என்று கடிதம் போட்டிருந்தார். மூன்றாவதாக, மிராசுதாரின் காரியஸ்தர் வந்தார். அப்பாவைவிடப் பத்து வயது இளையவர்.

"வழக்கு அதுபாட்டுக்கு இருக்கட்டும்டா. அதுக்காக ஊர்க்காரனைப் பட்டணத்துல நடுத்தெருவுல விட முடியுமா? மாம்பலத்துல ஐயா வீடு இருக்கு. பின்பக்கம் தங்கிக்க."

அவர் போனதும் அப்பா என்னைப் பார்த்தார். "படிச்ச புள்ள நீ. சொல்லு, எங்க தங்கலாம்?"

"பச்சப்புள்ளகிட்டக் கேக்குற கேள்வியா இது?" என்று அம்மா சீறினாள். "என் தம்பி வீடு இருக்கறப்ப இவன் வீட்டுல என்ன வேலை?"

தபாலாபீசில் நான் மின்விசிறி பார்த்திருந்தேன். அதன் அடியில் ஒரு ராத்திரியாவது படுத்துத் தூங்க வேண்டும் என்பது என் லட்சியம். "மாம்பலம்" என்றேன்.

எழும்பூர் ரயிலடிக்கு மாமா வந்திருந்தார். விஷயம் தெரிந்ததும் எங்கள் பையை வாங்க நீட்டிய கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"ஆருகூட வழக்கோ அவன் வீட்டுலயே சாப்புட்டுட்டு, அவனுக்கே எதிரா போய் நிக்கப் போறீங்களா மச்சான்? நல்லா இருக்கே!"

"புள்ள ஆசப்பட்டுச்சுடா."

"பாப்பா, மாமா வீட்டுல என்ன, மூட்டப்பூச்சி கடிச்சித் தின்னுடுமா உன்னை?" என்று சிரிக்கப் பார்த்தார். பஸ் ஏற்றிவிட்டுப் போய்விட்டார்.

மாம்பலத்தில் 'பின்பக்கம்' என்பது கார் கொட்டகை. மின்விசிறி வீட்டுக்குள் சுற்றியது. அதன் சத்தம் மட்டும் ஜன்னல் வழியாக வந்தது. சோறு வாழையிலையில் பின்வாசலுக்கு வந்தது. தண்ணீரை உயரத் தூக்கி எங்கள் கைகளில் ஊற்றினார்கள். காலையில் ஊரிலிருந்து வந்திருந்த காரியஸ்தர், முன்னெப்போதும் இல்லாத அன்போடு என்னைக் கூப்பிட்டு ஒரு சீட்டைக் கொடுத்தார். அந்த வீட்டின் முகவரி.

"ஆபீசுல பாரம் குடுப்பாங்க. 'சென்னை முகவரி'ன்னு கேட்டிருக்கும். இதைப் பாத்து எழுதும்மா. கதவு எண்ணு மறந்துடாதே."

அலுவலகத்தில் எங்களுக்கு முன்னால் ஒரு கிழவர் நின்றார். அவரும் எங்கள் பக்கத்து ஆள்தான். உறவுக்காரர் குடிசையில் தங்கியிருப்பதாகச் சொன்னார்.

"கதவு நம்பர் என்னய்யா?" என்றார் குமாஸ்தா.

"கதவே கெடையாதுங்க."

"அப்பறம் எப்படிய்யா தபால் போகும்? ஊர் முகவரியையே எழுதித் தொலை."

குமாஸ்தாவோடு சேர்ந்து நானும் சிரித்தேன். என் முறை வந்தபோது, கதவு எண், தெரு, மாம்பலம், ஒன்றும் விடாமல் எழுதி நீட்டினேன். "யார் வீடு பாப்பா?" என்று கேட்டார். "எங்க ஐயா வீடு சார்" என்றேன். இனிக் கடிதமெல்லாம் அங்கேயே அனுப்பலாம் என்று குறித்துக்கொண்டார். அதுதான் விதி என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

விசாரணை அதிகாரி நல்ல மனிதர். மிராசுதாரின் வக்கீல் நீளமாகப் பேசி முடித்ததும் அப்பாவிடம் இரண்டே கேள்வி கேட்டார்.

"அந்த இடத்துல அடுப்பு யார் போட்டது?"

"எம் பொஞ்சாதிங்க."

"எப்பலேர்ந்து எரியுது?"

"கல்யாணமான மறுநாள்லேர்ந்துங்க. மழைக்கு ரெண்டு தரம் அவிஞ்சிருக்குங்க."

உத்தரவு தபாலில் வரும் என்றார்கள். இரண்டு மாதம் கழித்துக் காரியஸ்தர் வரப்பில் நின்றபடியே சொன்னார்: "தோத்துட்டேடா. காகிதம் வந்துடுச்சு. அறுப்புக்குள்ள எடத்தைக் காலி பண்ணிடு."

அப்பா காகிதத்தைக் கேட்கவில்லை. எங்கள் தெருவுக்கு எந்தக் காகிதம் வந்தாலும் காரியஸ்தர் வாய் வழியாகத்தான் வரும், அதுவே பழக்கம். மூங்கிலையும் கீற்றையும் பிரித்து வாய்க்கால் புறம்போக்குக்குச் சுமந்துபோனோம். மண் அடுப்பைத் தூக்க முடியாது. அதன்மேல் வேறு எவர் பானையும் ஏறக் கூடாதென்று அம்மா உலக்கையால் அதை உடைத்தாள். உடைத்த பிறகும் நிறுத்தாமல் இடித்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு மட்டும் மனம் ஆறவில்லை. உத்தரவின் நகல் கேட்டு வருஷத்துக்கு ஒன்றாக மனு எழுதினேன். ஏழாம் வகுப்பில் ஒன்று, எட்டாம் வகுப்பில் ஒன்று, ஒன்பதில் ஒன்று. முதல் மூன்றும் என்னவாயின என்று அப்போது தெரியாது. அந்த அலுவலகங்களுக்குள் பிறகு நானே உட்கார்ந்ததில் தெரிந்துகொண்டேன்: பதில், கோப்பில் இருந்த மாம்பலம் முகவரிக்கே போயிருக்கும்.

நான்காவது மனுவுக்குப் பதில் எங்கள் ஊருக்கே வந்தது. எந்தக் குமாஸ்தாவுக்கு என்ன தோன்றியதோ. வாய்க்காலில் புதுத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. குடிசை வாசலில் நின்று உரக்கப் படித்தேன். மிராசுதாரின் முறையீட்டை அதிகாரி ஏற்கவில்லை. மனை அப்பாவுக்கே. அந்த உத்தரவு, விசாரணை நடந்த அதே மாதம் மாம்பலத்தில் 'குடும்பத்தார்' ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்டுவிட்டது, கையெழுத்து இணைக்கப்பட்டுள்ளது. கார் கொட்டகையைத் தாண்டி எங்களை உள்ளே விடாத வீட்டில் எங்களுக்கு ஒரு குடும்பத்தார் இருந்திருக்கிறார். பெயர்தான் படிக்கிற மாதிரி இல்லை.

எங்கள் மனையில் அதற்குள் மிராசுதாரின் உரக் கிடங்கு கான்கிரீட் கூரையோடு எழுந்துவிட்டது. அம்மா மண்ணை வாரி அந்தத் திசையில் தூற்றினாள். நான் அழுதேன். அப்பா என் கையிலிருந்த தாளை வாங்கித் தலைகீழாகப் பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நீ முத்து முத்தா எழுதியிருந்தே பாப்பா" என்றார். "அதான் பெசகாம போய்ச் சேந்திருக்கு."

சொல்லிவிட்டு மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நடவு வயலுக்குப் போய்விட்டார், மிராசுதாரின் வயலுக்குத்தான். அவர் என்னைத் தேற்றினாரா, சுட்டாரா என்று பத்தாம் வகுப்புக்காரிக்கு விளங்கவில்லை. பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, பதில் வந்த தேதியை உறையின் மேல் அழகாக எழுதி வைத்தேன்: ஆடி 19.