பொட்டு வைத்த மெமரி

“…கைதான் அணைக்கும்னு சொன்னவ எவளும் எங்க வீட்டுல வந்து அடி வாங்கிப் பார்த்ததில்ல, அண்ணே. உள்ள வாங்க, சீக்கிரம்.”

மலேசியாவின் துறைமுக ஊரான கிள்ளானில் ஒரு லோரிக் கம்பெனியின் வாசலில், என் டூல் பையை வாங்கிக்கொண்டே முதலாளியின் மனைவி சொன்ன வார்த்தை இது. நான் அவரைத் தங்கச்சி என்றுதான் அழைப்பேன். உள்ளேயிருந்து வந்த சத்தத்தைக் கேட்டு, ஆறுதலாக இருக்கட்டுமே என்று ‘அடிக்கிற கைதான் அணைக்கும்’ என நான் எடுத்துவிட்ட பழமொழிக்கு அவர் கொடுத்த பதில். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கும் என் ரிப்பேர் கடைக்கு வருகிறவர்கள் கெட்டுப்போன கம்ப்யூட்டரோடு ஒரு பழமொழியையும் விட்டுவிட்டுத்தான் போவார்கள். எல்லாவற்றையும் பத்திரப்படுத்தி வைப்பவன் நான். அவற்றில் ஒன்று வாசற்படியிலேயே செத்து விழுந்ததை அன்றுதான் பார்த்தேன்.

உள்ளே முதலாளியின் கையில் லோரியின் பழைய ஃபேன் பெல்ட். சுவரோரம் அவருடைய மச்சினன், தங்கச்சியின் கூடப்பிறந்த தம்பி. முப்பது வயதைத் தாண்டிய ஆள், கையால் முகத்தை மறைத்துக்கொண்டு குந்தியிருந்தான். உதடு கிழிந்து சட்டைக் காலரெல்லாம் ரத்தம்.

“வாங்க பாஸ். இவன்தான் காலையில கம்ப்யூட்டர ஆன் பண்ணான். பண்ணதுலேருந்து ஸ்கிரீன் கறுப்பு. போர்ட்டுக்குப் போற பேப்பர் எல்லாம் அதுலதான் இருக்கு. வெளிய லோரியெல்லாம் நிக்குது லா!” என்றார் முதலாளி. இங்கே எல்லாரும் எல்லாருக்கும் பாஸ்தான்.

“நான் சுவிட்சைத்தான் மாமா தட்டினேன்…”

பெல்ட் இறங்கியது. “அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்னு சும்மாவா சொன்னாங்க? இன்னிக்கு இது ஓடல, இவன் கைய உடைச்சுட்டுத்தான் மறுவேலை.”

தங்கச்சி என் காதருகே குனிந்தார். “சொன்னா செய்யிற ஆளு, அண்ணே. போன வருசம் ஒரு டிரைவருக்கு அப்படித்தான் ஆச்சு. நீங்க அத எழுப்பிடுங்க.”

நான் சுவிட்சைத் தட்டினேன். காற்றாடி சுற்றியது. திரை விழிக்கவில்லை. பெட்டிக்குள்ளிருந்து நீளமாக ஒரு ‘பீப்’. நின்று, மறுபடியும். மெமரி கிடைக்கவில்லை என்றால் அந்தப் பெட்டி அழும் அழுகை அது. எனக்கு அது துப்பு. முதலாளிக்கோ அது அவமானம். பெட்டி ஒரு முறை கத்தினால் மச்சினனுக்கு ஓர் அடி. அது மறுபடி கத்தியது, பெல்ட் மறுபடி இறங்கியது.

“பாஸ், பதறாத காரியம் சிதறாதுன்னு…”

“ஒங்க வேலைய பாருங்க, பாஸ்.”

மெயின் சுவிட்சை அணைத்தேன். வயரைப் பிடுங்கினேன். உடம்பில் உள்ள கரண்டு போகட்டும் என்று பெட்டியின் வெறும் தகரத்தைத் தொட்டேன். பிறகு முதல் வேலையாக, அந்த ‘பீப்’ போடும் சுண்டைக்காய் அளவு ஸ்பீக்கரின் வயரைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன். பழுது பார்ப்பவன் செய்யக் கூடாத காரியம்தான், இருந்த ஒரே துப்பும் போய்விடும். ஆனாலும் சத்தம் இல்லையென்றால் அடியும் இல்லையே.

“சத்தம் நின்னுடுச்சே, சரியாயிடுச்சா?”

“பாதி சரியாயிடுச்சு, பாஸ்.”

தங்கச்சி என் பக்கத்திலேயே நின்று ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். ரேம் என்று சொல்கிறோமே, அந்த மெமரிப் பட்டைகள் இரண்டு. இரு முனைக் கொக்கிகளையும் கட்டைவிரலால் தள்ளினால் துள்ளிக்கொண்டு மேலே வரும். வந்தன. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பட்டை நெடுக மூன்று கோடு திருநீறு. நடுவில் சந்தனம், அதன் மேல் குங்குமம். வழிந்த சந்தனம் கீழே கரண்டு தொடும் தங்கப் பல் வரிசையில் இறங்கிக் காய்ந்து பொருக்காகியிருந்தது. முந்தைய நாள் ஆயுத பூசை. வாசலில் உடைத்த பூசணிக்காயின் குங்குமச் சிவப்பு இன்னும் தார்ச் சாலையில் கிடந்தது.

ரப்பரால் பல்லைத் தேய்த்தேன். ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்தேன். பட்டை உட்காரும் பள்ளத்தில் திருநீற்றைப் பிரஷ்ஷால் தட்டி ஊதினேன். ஒரு பட்டையை மட்டும் செருகித் தட்டினேன். கறுப்பு. மச்சினன் கண்ணை மூடிக்கொண்டான். அதே பட்டையை அடுத்த பள்ளத்துக்கு மாற்றி, இரண்டு பக்கமும் ‘டக்’ என்று கொக்கி விழும்வரை அழுத்தினேன். திரையில் வெளிச்சம் வந்தது. முதல் பள்ளத்தை இன்னொரு தடவை துடைத்து மற்றதையும் செருகினேன். பெட்டி முழுசாக எழுந்துகொண்டது.

மச்சினன் தன் வலது கையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டான்.

“என்னா கோளாறு?” என்றார் முதலாளி.

சொல்லாமல் விட்டால் பழி அவன் தலையிலேயே நின்றுவிடும். சிவந்த பஞ்சைக் காட்டினேன். “பூசை சாமான் பல்லுல பட்டிருக்கு, பாஸ். யாரு வச்சது?”

“நான்தான். லோரிக்கு வச்சேன், ஸ்பேனருக்கு வச்சேன், இந்தப் பெட்டியத் திறந்து மெமரிக்கும் வச்சேன். சரஸ்வதி பூசை லா! ஞாபகத்துக்குப் பொட்டு வைக்காம வேற எதுக்கு வைக்கிறது?”

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே விளங்கியது. பெல்ட்டைக் கீழே போடுவார் என்று நினைத்தேன். கை தளரத்தான் செய்தது. பிறகு மச்சினன் பக்கம் திரும்பினார்.

“நீ பக்கத்துலதானடா தட்டு ஏந்திக்கிட்டு நின்ன? ஏன்டா தடுக்கல?”

இந்த முறை பெல்ட் முகத்தில் விழுந்தது.

நான் எழுந்து நடுவில் போவதற்குள் தங்கச்சி நகர்ந்துவிட்டார். தம்பியிடம் போகவில்லை, கம்ப்யூட்டரிடம் போனார். மெயின் சுவிட்சை அணைத்தார். வயரைப் பிடுங்கினார். நான் தொட்ட அதே இடத்தில் தகரத்தைத் தொட்டார். கட்டைவிரல்களால் கொக்கிகளைத் தள்ளி, இரண்டு பட்டைகளையும் எடுத்துத் தன் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தார். “எங்கம்மா வீட்டுல இருக்கும். அடிச்ச கை வந்து கேக்கட்டும்,” என்று புருஷனிடம் சொல்லிவிட்டு, தம்பியைத் தூக்கி நிறுத்தி, நின்றிருந்த லோரிகளுக்கு நடுவே அவனைக் கைத்தாங்கலாக நடத்திக்கொண்டு அம்மா ஊரான பந்திங்குக்குப் போகும் பஸ் நிற்கும் இடத்துக்குப் போனார்.