ஓர் ஆணிக்கு அனுமதி

பிரிக்ஃபீல்ட்ஸ் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் நாங்கள் குடியிருந்த காலம் முழுக்க எங்கள் வீட்டுச் சுவரில் ஓர் ஆணி கிடையாது. பக்கத்து வீடுகளில் சாமிப் படம், காலண்டர், பிள்ளைகள் பள்ளியில் வாங்கிய கேடயம் என்று சுவரே தெரியாமல் தொங்கும். யாரும் வந்து ஏன் என்று கேட்டதில்லை. ஆனால் நான் அரசாங்கக் கிளார்க் ஆயிற்றே. "இது கவர்மெண்ட் சுவரு. நாளைக்கு வீட்ட ஒப்படைக்கிறப்ப ஓட்டைக்கு யாரு பதில் சொல்றது?" என்பேன்.

என் மனைவி அதிகம் ஆசைப்படுகிறவள் இல்லை. எங்கள் கல்யாணப் படத்தைக் கூடத்தில் மாட்ட வேண்டும் என்பது மட்டும் அவளுக்குத் தீராத ஆசை. கிள்ளானில் அவள் பிறந்த வீட்டுக்குள் நுழைந்தால் அவள் அப்பா அம்மாவின் கல்யாணப் படம்தான் முதலில் கண்ணில் படும். அப்படி ஒரு படம் இல்லாத வீடு அவளுக்குச் சத்திரம். எங்கள் படமோ பழைய போர்வையில் சுற்றப்பட்டு அலமாரிக்கு அடியில் கிடந்தது. சொந்த வீடு வாங்கியதும் முதல் வேலை அதுதான் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். வாக்குக் கொடுப்பதில் நான் என்றுமே சிக்கனம் பார்த்ததில்லை.

எண்பதுகளில் ஒருவழியாக அரசாங்க ஊழியர்களுக்கான வீட்டுக் கடன் கிடைத்தது. டெங்கில் என்ற சிற்றூருக்கு அப்பால் ஒரு வீட்டை வாங்கினேன். பின்னால் செம்பனைத் தோட்டம், முன்னால் செம்மண் ரோடு. ஆபீசில் விசாரித்தவர்களிடம் எல்லாம் "நல்ல காத்து" என்றேன். வேறு சொல்லிக்கொள்ள அங்கே ஒன்றும் இல்லை. "அங்கேருந்து வேலைக்கு வரணும்னா மொத நாளே கெளம்பணும்லா!" என்று ஒரு நண்பர் சிரித்தார்.

பால் காய்ச்சிய அன்றே அவள் படத்தைத் துடைத்து எடுத்து வந்து, சுத்தியலை என் கையில் கொடுத்தாள். நானும் ஆணியைச் சுவரில் வைத்துக் கையை ஓங்கிவிட்டேன். அப்போதுதான் அந்தப் பாழாய்ப்போன ஞாபகம் வந்தது. கடன் அடையும் வரை வீடு அரசாங்கத்திடம் அடமானம், அனுமதி இல்லாமல் எந்த மாற்றமும் செய்யக் கூடாது என்று வக்கீல் ஆபீசில் வாசித்துக் காட்டியிருந்தார்கள். எல்லோரும் தலையாட்டிவிட்டு மறந்துபோகிற சங்கதி அது. நான் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். ஓங்கிய கையை இறக்கினேன்.

"என்னாங்க?"

"இது இன்னும் கவர்மெண்ட் சுவருதாம்மா."

அவள் சண்டை போட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். "அப்ப இதுவும் குவார்ட்டர்ஸ்தான்" என்று மட்டும் சொல்லி, படத்தை மறுபடியும் போர்வையில் சுற்றினாள். அதன்பிறகு அந்த இடத்தை அவள் வீடு என்றே சொல்லவில்லை. "டெங்கில்ல இருக்கோம்" என்பாள், ஏதோ வேலை மாற்றலில் வந்தவள் மாதிரி. கட்டி வந்த பெட்டிகளையும் பிரிக்கவில்லை. தேவைப்பட்டதை மட்டும் எடுத்துக்கொண்டு மூடி வைப்பாள். அதைப் பார்க்கப் பார்க்க இவள் கடைசிவரை இங்கே ஒட்டவே மாட்டாளோ என்று பயந்தேன். வேறு எவனாக இருந்தாலும் ஓர் ஆணியை அடித்துவிட்டு வேலையைப் பார்த்திருப்பான். நான் கடன் கொடுத்த இலாகாவுக்குக் கடிதம் எழுதினேன்.

முறையான மலாயில் எழுதினேன். ஆணி என்று எழுத எனக்கே கூச்சமாக இருந்ததால், சுவரில் ஒரு சிறு மாற்றம் செய்ய அனுமதி வேண்டும் என்று எழுதினேன். சில வாரங்கள் கழித்துச் சுவரைப் பார்வையிட ஓர் அதிகாரியே வருவதாகப் பதில் வந்தது. லீவு போட்டுவிட்டுக் காத்திருந்தேன்.

வந்தவர் ஓர் இளம் மலாய்க்காரர். கையில் அளவு நாடா, சப்பாத்து முழுக்கச் செம்மண்.

"எந்தச் சுவரை இடிக்கப் போறீங்க, அங்கிள்?" என்று மலாயில் கேட்டார்.

"இடிக்கல. ஓர் ஆணி அடிக்கணும்."

அவர் என்னை உற்றுப் பார்த்தார். பிறகு வெறும் சுவர்களைப் பார்த்தார். மூலையில் கட்டிக் கிடந்த பெட்டிகளைப் பார்த்தார். அவர் குரல் மாறியது. "உண்மையில இங்க யாராச்சும் குடியிருக்கீங்களா? ஆள் இருக்கிற வீடு மாதிரித் தெரியலையே."

சட்டத்தை விட்டு ஒரு நூல் விலகாத என்னைப் பார்த்தா இந்தக் கேள்வி! கடன் வாங்கிய வீட்டில் குடியிருக்காமல் ஏமாற்றுகிறேன் என்று அவருக்குச் சந்தேகம்.

அடுப்படியில் இருந்த அவளுக்கு எல்லாம் கேட்டிருக்கிறது. படத்தோடும் சுத்தியலோடும் வந்தாள். எங்கள் இருவரையும் ஏறிட்டும் பார்க்காமல் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள். அடித்த முதல் ஆணி வளைந்து, அப்பளம் அளவுக்குக் காரை பெயர்ந்து விழுந்தது. நான் பதறிப்போய் அதிகாரியிடம் மன்னிப்புக் கேட்டேன். அவரோ ஓடிப்போய், ஆடிய நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். கட்டிய புருஷனான நான் கீழே குனிந்து காரையைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது ஆணி நின்றது. அவள் படத்தை மாட்டிவிட்டு இறங்கி, அதிகாரிக்குத் தேத்தண்ணி கலக்கப் போனாள். அவர் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்தார். குடித்துவிட்டு, ஆள் இருக்கிற வீடுதான் என்று சொல்லிப் புறப்பட்டார்.

அன்று மாலையே அவள் பெட்டிகளைப் பிரித்தாள். உதவி செய்கிற சாக்கில் கூடத்துக்குப் போனால், படம் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. என் கை தானாக நீண்டது.

"கைய எடுங்க" என்றாள் பின்னாலிருந்து. "அது என் வீட்டுச் சுவரு. தொடணும்னா எனக்கு லெட்டர் போடுங்க."