தம் இதயத்தையே காட்டிய மரகதம் டாக்டர்

செய்தி வந்தபோது, இதயத்தைப் படம் பிடிக்கும் எக்கோ அறையில் ஒரு பெரியவரின் மார்பில் ஜெல் தடவிக்கொண்டிருந்தேன். வரவேற்பில் இருக்கும் பெண் கதவைத் தட்டாமல் உள்ளே வந்து, "அக்கா, நம்ம மரகதம் டாக்டரு..." என்று சொல்லி நிறுத்திவிட்டாள். மிச்சத்தை அவள் முகமே சொல்லிற்று. பெரியவரின் மார்பைத் துடைத்துவிட்டு, நாளைக்கு வரச்சொல்லிவிட்டு, இயந்திரத்தை அணைக்கக்கூட மறந்து கிளம்பினேன்.

மாரடைப்பு. தூக்கத்திலேயே போய்விட்டார். "ஹார்ட் டாக்டருக்கே ஹார்ட் அட்டாக்காம்பா. பின்ன, அந்த உடம்புக்கு வராம இன்னா?" என்ற பேச்சு, செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டைத் தாண்டி அவர் வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் என் காதில் விழுந்துவிட்டது. அப்படிப் பேசியவர்களும் படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஆமாம், டாக்டர் குண்டாகத்தான் இருந்தார். பள்ளிக்கூடத்தில் தமக்கு வைத்த பட்டப்பெயரை அவர் கடைசிவரை என்னிடம்கூடச் சொன்னதில்லை. "எடையவிட, அதப் பாத்து சிரிக்கறாங்களே, அதுதான், கலா, ஆளை வீட்டுக்குள்ள பூட்டி வைக்குது. நெஞ்சு வலிச்சாக்கூட ஆஸ்பத்திரிக்கு வர மாட்டாங்க" என்பார். அந்தக் கூச்சத்தைப் போக்குவதுதான் மருந்துச் சீட்டுக்கு முன்னால் அவர் செய்த வைத்தியம்.

தொண்ணூறுகளின் பின்பாதியில், டாக்டர் எங்கள் மருத்துவமனையில் சேர்ந்த புதிதில், ஏகாம்பரம் வந்தார். மறைமலைநகரில் கம்பெனி பஸ் ஓட்டுபவர். ஸ்டியரிங்குக்கும் வயிற்றுக்கும் நடுவே இடம் போதாத ஆள். வேறோர் இடத்தில் படம் எடுத்துப் பார்த்து, இதயத்தைச் சுற்றித் தண்ணீர் கோத்திருக்கிறது, ஊசி போட்டு எடுக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். எடுப்பதற்கு முன் இன்னொரு முறை பார்த்துக்கொள்ளலாம் என்று வந்திருந்தார். துணைக்குச் சொந்தக்காரர்கள் ஒரு வேன் நிறைய. மச்சான் வேறு மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டிருந்தார்.

டாக்டர் வெகுநேரம் பார்த்தார். "தண்ணி இல்லைங்க, கொழுப்பு" என்றார். தண்ணீரென்றால் படத்தில் கன்னங்கரேலென்று தெரியும். இதுவோ சாம்பல் நிறத்தில், புள்ளி புள்ளியாக, இதயம் துடிக்கும்போது கூடவே அசைந்தது. ஊசி குத்தியிருந்தால் வீண் ஆபத்து.

தப்பித்தோம் என்று மனிதர் மகிழவில்லை. கோபம்தான் வந்தது. "இன்னாம்மா நீங்க! தண்ணின்னா ஊசி வெச்சி இஸ்துட்டு வூட்டுக்குப் பூடலாம். கொழுப்புன்னா நான் இன்னா பண்றது? பரோட்டாவ வுடுன்னுவீங்க, நடன்னுவீங்க. நீங்களே இப்டி கீறீங்க, என்னாண்ட சொல்ல வந்துட்டீங்க!"

எனக்குச் சுருக்கென்றது. பதில் சொல்ல வாயெடுத்தேன். டாக்டர் கையமர்த்தினார்.

"கேக்கறது நியாயந்தானே" என்றார். "ஏகாம்பரம், எழுந்து அந்த ஸ்டூல்ல உக்காருங்க. கலா, மெஷினை அவர் பக்கம் திருப்பிட்டு கர்ட்டனை இழு."

பிறகு அவரே கட்டிலில் ஏறிப் படுத்துக்கொண்டார். என் கை கர்ட்டனுக்குள், முகம் வெளியே. அந்தக் கோலத்தில் நின்றபடி டாக்டரின் மார்பில் கருவியை வைத்தேன். உள்ளேயிருந்து அவர் குரல் வந்தது.

"இது என் ஹார்ட். மேல சாம்பலா ஒரு பட்டை தெரியுதா?"

"தெரியிதும்மா."

"உங்களுக்கும் இதேதான். எல்லாருக்குமே கொஞ்சம் இருக்கும், இருக்கவும் வேணும். வயிறு பெருக்கப் பெருக்க அதுவும் தடிச்சுகிட்டே போகும். ரொம்பத் தடிச்சா ரத்தக் குழாய்க்குக் கெடுதல். இதை ஊசியால எடுக்க முடியாது. உடம்பு இளைச்சா இதுவும் இளைக்கும். எனக்கும் சேத்துதான் சொல்றேன்."

ஏகாம்பரம், வேறோர் இடத்தில் எடுத்த தம் படத்தையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டு பேருதும் ஒரே மாதிரிதான் கீதும்மா" என்றபோது குரல் அடியோடு இறங்கியிருந்தது. வெளியே போய், ஊசி வேண்டாமாம் என்று சொல்லி வேனைத் திருப்பி அனுப்பினார்.

அன்றிலிருந்து, கூச்சப்படும் யாருக்கும் முதலில் தம் இதயத்தைக் காட்டுவது டாக்டரின் வழக்கமாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்களையெல்லாம் சேர்த்துக்கொண்டு மாமல்லபுரம் கடற்கரையில் நடக்கவும் ஆரம்பித்தார். செங்கல்பட்டிலேயே ஏரிக்கரை இருக்க அவ்வளவு தூரம் எதற்கு என்று கேட்டேன். "அங்க வர்றவங்க சிலையைப் பாப்பாங்க. நம்மளை யாரும் பாக்க மாட்டாங்க" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

ஏகாம்பரம் நன்றாக இளைத்தார். டாக்டரும் இளைத்தார். படத்தில் அந்தப் பட்டை மெலிந்ததைப் பார்த்து, பரீட்சையில் தேறிய பிள்ளைபோல என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அப்புறம் முழங்கால் வலி வந்து நடையை நிறுத்தியது. எடை திரும்ப ஏறியது. அப்போதும் கட்டிலில் படுத்துக்கொண்டு, "தாட்சண்யம் பாக்காம அளந்து சொல்லு கலா" என்பார். கூடியிருக்கிறது என்றால், "சரி, மறுபடி ஆரம்பிப்போம்" என்று எழுந்துகொள்வார். தோற்றுப்போனார் என்று சொல்கிறவர்களுக்கு அவர் எத்தனை முறை ஆரம்பித்தார் என்பது தெரியாது.

செய்தி வந்த அன்று அவர் வீட்டில் கூட்டம் தாங்கவில்லை. சந்துக்குள் வண்டி நுழையாது, தெருமுனை வரை தூக்கித்தான் போக வேண்டும். தூக்க வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, "இன்னும் ஆளு வேணும்பா" என்று முணுமுணுத்தார்கள். டாக்டரின் மகள் நித்யா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். "ஆன்ட்டி, தூக்கறப்ப யாராச்சும் ஏதாவது சொல்லிடுவாங்களோ? அம்மா அதுக்குத்தான் பயந்துகிட்டே இருந்தாங்க."

"நவுரு, நவுரு" என்ற குரல் கேட்டது. ஏகாம்பரம். பின்னால் ஞாயிற்றுக்கிழமை நடக்க வருபவர்கள். அவர்களில் ஒருவர்கூட ஒல்லி இல்லை. "எங்க டாக்டரம்மாவ நாங்க இட்டுகினு போறோம்" என்று தோள் கொடுத்தார்கள். மூச்சு வாங்கியது, சட்டையெல்லாம் வியர்வை. மாற்றிக்கொள்ள வந்தவர்களைக் கண்ணாலேயே விலக்கினார்கள். தெருமுனை வரை ஒருவர் வாயிலிருந்தும் ஒரு முனகல் வரவில்லை.

வண்டியில் ஏற்றியதும் ஏகாம்பரம் நித்யாவிடம் வந்தார். கால்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. வலது தோள் சிவந்து கன்றியிருந்ததை நான் பார்த்தேன்.

"அம்மா கனமே இல்ல பாப்பா" என்றார்.

போய் வாருங்கள், டாக்டர்.