இரண்டு சாண் தண்ணீர்

வெள்ளம் மூன்றாம் தடவையாக அணையை அடித்துக்கொண்டு போன அந்த மழைக்காலத்தில், பாகிசரா ஒரே நாளில் இரண்டு ஆளின் கல்லைச் சுமந்தாள். முதுகுக்கூடையின் பட்டையை நெற்றியில் மாட்டிக்கொண்டு ஒரு நடை கொட்டுவாள், "இது எங்க வீட்டுக்கு" என்பாள். அடுத்த நடை கொட்டுவாள், "இது துளசிமாடத்து வீட்டுக்கு" என்பாள். துளசிமாடத்து வீடு எங்களுடையது. என் கணவர் இறந்து பதின்மூன்று நாள் ஆகவில்லை. அணை வேலைக்கு அனுப்ப வீட்டில் ஆளில்லை. வேலைக்கு வராத வீட்டின் வயலுக்கு அந்தப் பருவம் தண்ணீர் கிடையாது. நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. மாதங்கள் கழித்து வேறொருத்தி சொல்லித்தான் தெரிந்தது. நன்றி சொல்லப் போனால் முகத்தைக்கூடத் திருப்பவில்லை.

"நல்ல மனசுன்னு நெனச்சுக்காத தங்கச்சி. ஒரு வீட்ட விட்டுட்டா அடுத்த வருஷம் பத்து வீடு 'எங்களையும் விடு'ம்பான். அப்புறம் யாரு கல்லு சொமக்கறது?"

தான் செய்த நல்லதையே சந்தேகிக்கிற பிறவி. நான் கொடுக்கும் தேவி பிரசாதத்தைக்கூட இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் வாயில் போடுவாள். யாராவது தின்பண்டம் நீட்டினால் பாதியைப் பிய்த்து, "மொதல்ல நீ தின்னு" என்று அவர்களிடமே கொடுப்பாள். டீக்கடையில் உட்கார மாட்டாள். பால் ஊற்றுகிற கையைப் பார்த்தபடி நின்றே குடிப்பாள்.

வயது அறுபது இருக்கும். எங்களுக்குக் கீழே இருக்கிற கீழ்சிமல் ஊரில், மகர் சாதி வீட்டுப் பெண். ஆள் குள்ளம், கை மட்டும் ஆண்பிள்ளைக் கை. அந்தக் கையை விரித்தால் கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனி வரை ஒரு சாண். அதுதான் அவளுடைய அளவுகோல். வாய்க்கால் பிரிகிற இடத்தில் சால மரத் துண்டு ஒன்று குறுக்கே கிடக்கும். அதில் இரண்டு வெட்டு. ஒன்றில் எங்கள் மேல்சிமலுக்குத் தண்ணீர் போகும், மற்றதில் கீழ்சிமலுக்கு. இரண்டும் அவள் சாணுக்கு இரண்டு சாண். விடியும்போது நான் அங்கே தேவி கல்லுக்கு விளக்கேற்றப் போவேன். அவள் அதற்கு முன்பே வந்து, பனி மாதிரி இருக்கிற தண்ணீரில் கையை விட்டு அளந்துகொண்டிருப்பாள்.

ஒரு காலை எங்கள் பக்கத்து வெட்டில் சேறு பூசியிருந்தது. அவள் நகத்தால் சுரண்டினாள். உள்ளே புது மரம் வெளுப்பாகத் தெரிந்தது. எழுந்து நின்று எங்கள் ஊரைப் பார்த்துக் கத்தினாள்:

"மேல்சிமல்காரங்களே! மரம் ராத்திரியோட ராத்திரியா ரெண்டு விரக்கடை வாயத் தொறந்திருக்கு. சிரிக்குதா, கொட்டாவி விடுதா, வந்து பாத்துச் சொல்லுங்க!"

யாரும் போகவில்லை. நானும் விளக்குக்குத் திரி தூண்டுகிற மாதிரி குனிந்துகொண்டேன். மறுநாள் புது மரம் கிடந்தது.

மேல்சிமலில் பதினெட்டு வீடு. தண்ணீர் எங்களைத் தொட்டுவிட்டுத்தான் கீழே போகும். அதிகாரிகள் வந்தாலும் எங்கள் வீடுகளில் டீ குடித்துவிட்டு அப்படியே திரும்பிவிடுவார்கள். கீழ்சிமலில் நாற்பத்தொரு வீடு. கல்லும் கிளையும் போட்டுக் கட்டிய அணை ஒவ்வொரு மழைக்கும் போகும். பதினெட்டு வீட்டு ஆளால் அதைத் திரும்பக் கட்ட முடியாது. அதனால் அணை போனால் மேல்சிமல் தலைவரே கீழே இறங்கிப் போய், முற்றம் முற்றமாக நின்று கூப்பிட வேண்டும் என்பது வழக்கம். எங்கள் தலைவர் ஹோம்நாத்தும் போவார். செருப்பைக் கழற்றிவிட்டு, குடையை மடக்கிக்கொண்டு, "அக்கா, அணை போயிடுச்சு. வாங்க" என்பார். அவள் உடனே வர மாட்டாள். "கேக்கல, இன்னொரு தடவை சொல்லுங்க" என்பாள்.

மூன்று வருஷத்துக்கு முன் சிமெண்டு அணைக்கு அரசாங்கப் பணம் வந்தது. இரண்டு ஊரிலும் எல்லா வீடும் கைநாட்டு வைத்தால்தான் வேலை தொடங்கும் என்றார்கள். நான் மகிழ்ச்சியில் தேவிக்குப் பதினொரு திரி ஏற்றினேன். பாகிசராதான் முதலில் வைப்பாள் என்று எல்லாரும் நினைத்தோம். அவள் கணவர் டம்பரின் கால்பாதம் அணைக்கல் உருண்டு நசுங்கியது. அன்றிலிருந்து கோல் ஊன்றித்தான் நடக்கிறார். அவளோ பெருவிரலை இடுப்புக்கச்சைக்குள் சொருகிக்கொண்டாள். கீழ்சிமலில் மற்ற நாற்பது வீடும் வைத்தாயிற்று, அவள் வைக்கவில்லை.

ஹோம்நாத் நெய்ப் போத்தலோடு போனார். நான் சொன்னால் கேட்பாள் என்று என்னையும் கூட்டிக்கொண்டார்.

"அக்கா, இனிமே வெள்ளத்துல எறங்க வேண்டாம், கல்லு சொமக்க வேண்டாம். உங்களுக்காகத்தான் இவ்வளவு அலைஞ்சேன்."

"எங்களுக்காகவா? எப்பத்திலேர்ந்து?"

டம்பர் கோலால் தரையைத் தட்டினார். "கைய வையேன்டி! என் கால் போனது பத்தாதா? இன்னும் யாரு கால் வேணும் ஒனக்கு?"

"யோவ், ஒன் கால் போச்சு. அந்த மாதிரிக் காலுங்க வேணுமேன்னுதான் இந்த மனுஷன் நம்ம வாசல்ல செருப்பக் கழட்டிட்டு நிக்கறாரு." பிறகு என் பக்கம் திரும்பினாள். "தங்கச்சி, நீ சாமி கும்பிடறவ, பொய் சொல்ல மாட்ட. அணை ஒடையவே ஒடையாதுன்னா, இவரு எந்த நாள்ல, எதுக்காக எங்க முத்தத்துக்கு வருவாரு?"

நான் நெய்ப் போத்தலைப் பார்த்தேன்.

கடைசியில் அவள் ஒன்று கேட்டாள். தண்ணீர் பிரிகிற இடத்தில் திறந்து மூடுகிற கதவு வேண்டாம், சாவி வேண்டாம். சிமெண்டிலேயே இரண்டு வெட்டு, இரண்டும் இரண்டிரண்டு சாண். "அவ்வளவுதானா அக்கா?" என்று ஹோம்நாத் சிரித்தார். கைநாட்டு வைத்துவிட்டு, என்னை வழியனுப்பப் பாதிவழி வந்த அவள் என்னிடம் முணுமுணுத்தாள்: "சட்டுனு ஒத்துக்கிட்டானே. எதையோ நான் கேக்காம விட்டுட்டேன்."

சிமெண்டு காய்கிற வரை இரண்டு பகல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். சாப்பாட்டுக்கு டம்பர்தான் சோளக்களி கொண்டுவந்தார். "நல்லாப் பாத்துக்க. ராத்திரி எழுந்து நடந்துடப் போவுது" என்று கேலி செய்தார். காய்ந்ததும் அளந்தாள். சரியாக இருந்தது. மறுபடியும் அளந்தாள்.

அடுத்த மழைக்காலத்தில் பெருவெள்ளம் வந்த நாளில், கேழ்வரகு நாற்று வாங்கப் போன நான் கீழ்சிமலில் மாட்டிக்கொண்டேன். ஆற்றுச் சத்தம் வீடுவரை கேட்டது. ஒவ்வொரு வீட்டிலும் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். சிமெண்டு அணை அசையவில்லை. பாகிசரா மட்டும் கூடையை முதுகில் மாட்டி, பட்டையை நெற்றியில் இழுத்து விட்டுக்கொண்டு, முற்றத்தில் மழையில் நின்றாள். மேலே எங்கள் ஊர்ப் பாதையையே பார்த்துக்கொண்டு நின்றாள். உள்ளே வா என்று நானும் டம்பரும் கூப்பிட்டோம்.

"இருங்க. யாராச்சும் கூப்பிடுவாங்க."

இருட்டும் வரை யாரும் வரவில்லை.

அதன்பின் ஹோம்நாத் அவளை வழியில் பார்த்தால் "என்ன?" என்கிறார். 'அக்கா'வும் இல்லை, 'வாங்க'வும் இல்லை. நடவு தொடங்கும் இந்த அசார் மாதத்தில் கீழ்சிமலில் பாதி வயல் நடவுக்குச் சேறாகவில்லை. விடியலில் அவள் அளந்தால் இரண்டு சாண் சரியாக இருக்கிறது. வெயில் ஏறியதும் கீழே தண்ணீர் நூலாகிவிடுகிறது. கேட்டால், எங்கள் ஊர்க்காரர்கள் "ஆத்துலயே இல்ல, போ" என்கிறார்கள். எங்கள் வயல்களில் கணுக்கால் வரை நிற்கிறது. புறப்படும் வரை நான் பார்க்கத்தானே செய்தேன்.

போன வாரம் என் மகன் என்னைப் புட்வல் பட்டணத்துக்குத் தன்னோடு அழைத்துக்கொண்டு வந்துவிட்டான். புறப்பட்ட அன்று உச்சிவெயிலில் பாகிசரா ஜீப் நிற்கிற இடத்துக்கு ஏறி வந்தாள். உலர்த்திய கீரை ஒரு பொட்டலம் கொடுத்தாள். போய் வா என்று சொல்லவில்லை. என் வலது கையைப் பிடித்து விரல்களை விரித்து, தன் கையை விரித்து அதன்மேல் வைத்தாள். நுனியோடு நுனி பார்த்தாள்.

"நான் வர்ற நேரம் அவங்களுக்குத் தெரியும் தங்கச்சி, நான் போனப்புறம் எங்க வெட்டுல கல்லு கில்லு சொருகறாங்களோ என்னமோ. நீ வர்றது தெரியாது. ஜீப்பு வாய்க்கா பிரியற எடத்தத் தாண்டித்தான போகுது, ஒரு நிமிஷம் எறங்கு. எங்க வெட்டுல கைய விடு. ஒன் சாண் என்னுதவிட ஒரு விரக்கடை கம்மி, ரெண்டு சாணுக்கு ரெண்டு விரக்கடை. அதச் சேத்துக்க. சேத்தும் எடம் கொறஞ்சுதுன்னா, ஊருக்குப் போயி லெட்டர் போடாத. அங்கயே நின்னு, கீழ பாத்து ஒரு சத்தம் குடு. நான் கூடையோட நிக்கறேன்."