பால் சுரக்காததற்கு நான் காரணமில்லை

மகள் பிறந்து ஒரு வாரமாகியும் எனக்குப் பால் சுரக்கவில்லை. என் நோயின் முதல் அறிகுறி அதுதான். அதை என் குறை என்றார்கள்.

"பூண்டும் கருவாடும் அம்புட்டுக் குடுத்தாச்சு. பிள்ளை மேல ஆசை இருந்தாத்தானே ஊறும்" என்று மாமியார் பக்கத்து வீட்டில் சொன்னது என் காதில் விழுந்தது. எழுந்து பதில் சொல்லத் தெம்பில்லை.

பிரசவத்தில் ரத்தம் நிற்காமல் போய், ரத்தம் ஏற்றித்தான் பிழைத்தேன். அதன்பின் மாதவிடாய் திரும்பவில்லை. சித்திரை வெயிலிலும் குளிரெடுத்தது. செம்பட்டியிலிருந்து திண்டுக்கல் ஜவுளிக்கடை ஒன்றுக்கு வேலைக்குப் போய்வந்தேன். சேலை அடுக்கில் சாய்ந்து தூங்கினேன் என்று நிறுத்திவிட்டார்கள். பார்த்த மருத்துவர்களெல்லாம் சத்து மாத்திரை எழுதினார்கள். ஒருவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "மனசைத் தைரியமா வச்சுக்கங்கம்மா" என்றார்.

மகள் பள்ளிக்குப் போகத் தொடங்கிய வருடம், சாதாரணக் காய்ச்சலில் நினைவிழந்து விழுந்தேன். ஆம்புலன்ஸில் கொண்டுபோனார்கள். கண்விழித்தபோது எதிரே நின்ற பெண் மருத்துவர் கேட்டார்: "பிரசவத்துல ரத்தம் நிறையப் போச்சா? பால் வந்துச்சா?"

இத்தனை வருடமும் எவரும் கேட்காத கேள்வி.

ஷீஹன் நோய்க்குறி (பிரசவ ரத்தப்போக்கால் மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி செயலிழப்பது) என்றார். அந்தச் சுரப்பியின் ஹார்மோன்கள் (உறுப்புகளுக்கு வேலை சொல்லும் ரசாயனங்கள்) தந்துகிகளின் (மயிரைவிட மெல்லிய ரத்தக்குழாய்கள்) சுவரிலுள்ள நுண்துளைகள் வழியே ரத்தத்தில் கலக்குமாம். உடம்பைச் சுற்றிவந்து, மறுபடி சுவரைக் கடந்து கசிந்து, தமக்குரிய செல்களை அடையுமாம். அப்படி ஒன்று மார்பை அடைந்தால்தான் பால் சுரக்கும்.

"உங்க மார்புல குறையில்லை. மேலருந்து தகவல் வரலை" என்றார்.

"அப்ப ஆசைக்கும் இதுக்கும்?"

"சம்பந்தமே இல்லைம்மா."

பக்கத்தில் நின்ற கணவரிடம், "இதை உங்க அம்மாகிட்ட நீங்களே சொல்லுங்க" என்றேன். சொன்னார். "எங்களுக்கென்ன தெரியும்?" என்றார் மாமியார். தெரியாதவர்கள் ஏன் அத்தனை உறுதியாகப் பேசினார்கள்? அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. ஆற வேண்டும் என்றும் நினைக்கவில்லை.

இதைப் படிக்கும் பெண்ணே, உன்னைச் சோம்பேறி என்பவர்களை நம்பாதே. பிரசவத்தில் ரத்தம் அதிகம் போயிருந்தால், மருத்துவர் கேட்காவிட்டாலும் நீயே சொல்.

உடம்புக்குத் தெம்பு தரும் ஹார்மோன் மற்றவர்களுக்கு விழிப்பதற்கு முன்பே ஏறத் தொடங்கிவிடும். எனக்கு அது தானாக ஊறாது. தினமும் காலையில் அதையே மாத்திரையாக விழுங்கிவிட்டு, அது ரத்தத்தில் ஏறி, குழாய்ச் சுவர் தாண்டிக் கைகால்களை எட்டும்வரை கட்டிலிலேயே உட்கார்ந்திருக்கிறேன். பள்ளி வேனுக்கு நேரமாகிறது என்று மகள் அவசரப்படுத்துவாள்.

"செத்த இரு. அம்மாவுக்கு இன்னும் விடியல" என்பேன்.