மூச்சை விடுங்க, கிளட்சை விடாதீங்க

பச்சை விளக்கு விழுந்து வெகுநேரமாகிவிட்டது. பின்னால் நிற்பவர்கள் ஹாரனிலிருந்து கையை எடுப்பதாக இல்லை. என் பக்கத்து இருக்கையில், கார் ஓட்டக் கற்றுத்தரும் அக்கா நிதானமாக மூக்கால் காற்றை இழுத்துக்கொண்டிருக்கிறார்.

"பதறாதீங்க. மூச்ச விடுங்க, கிளட்ச விடாதீங்க."

நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிளட்சை விடுகிறேன். வண்டி ஒரு குலுங்கு குலுங்கி அணைந்துபோகிறது.

அவரிடம் வண்டி கற்றுக்கொள்ளும் நாங்கள் அவருக்கு வைத்த பெயர் துருத்தி. மூச்சை இழுப்பது பூனை மாதிரி, சத்தமே இருக்காது. வெளியே விடும்போது முன்கண்ணாடியில் ஆவி படியும். "விடுறது நீளமா இருக்கணும். அப்பதான் ஒண்ணும் ஆபத்தில்லன்னு நரம்புக்குச் சேதி போகும்." என் நரம்புக்கு அந்தச் சேதி ஒருநாளும் வந்து சேர்ந்ததில்லை. ரிவர்ஸ் எடுக்கும்போது, மூச்சு அடிவரை போகிறதா என்று வயிற்றில் கை வைத்துப் பார்க்கச் சொல்வார். ஸ்டியரிங்கை யார் பிடிப்பது என்று கேட்டால், "அதான் இன்னொரு கை இருக்கே?"

அவர் வீட்டிலும் இதே கதைதான். ஒருநாள் பாடத்துக்கு நடுவே அவர் மகள் போனில் கத்தினாள். குழாய் உடைந்து சமையலறை முழுக்க வெள்ளமாம்.

"மொதல்ல உக்காந்து மூச்ச விடுடி."

"எங்கம்மா உக்கார்றது? எல்லாம் தண்ணி."

போன வாரம் ஒரு குறுகலான தெருவில், நின்றிருந்த வேனுக்குப் பின்னாலிருந்து சைக்கிள் ஒன்று குறுக்கே வந்தது. ஓட்டியவள் ஒரு பெண், பின்னால் குழந்தை. நான் பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலேட்டரை மிதித்துவிட்டேன். நல்லவேளை, பயிற்சி வண்டியில் கற்றுத்தருபவர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. சைக்கிளுக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லாமல் வண்டி நின்றது. அந்தப் பெண் எங்களை முறைத்தாள். குழந்தையின் தொப்பியை இழுத்துச் சரிசெய்துவிட்டுப் போய்விட்டாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அழுங்க, பரவால்ல. அழுதுகிட்டே மூச்ச விடுங்க."

எரிச்சல் மண்டைக்கு ஏறியது. இந்த மனுஷிக்குப் பயம் என்பதே கிடையாதா? ஆனாலும் விட்டேன், நீளமாக. நாலைந்து தடவையில் அழுகை நின்றுவிட்டது. அதை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அப்புறம் அவரைக் கையில் பிடிக்க முடியாது.

வண்டியை ஓரங்கட்டலாம் என்று மறுபடி கிளப்பினேன். உறுமியதே தவிர நகரவில்லை.

"என்னக்கா இது, வண்டியும் மக்கர் பண்ணுது?"

குனிந்து பார்த்தேன். அவருடைய கால் இன்னும் பிரேக்கை அழுத்திக்கொண்டே இருந்தது.

"ஒரு நிமிஷம்மா" என்றார். முழங்காலை இரண்டு கைகளாலும் பிடித்துத் தூக்கி, காலை மெல்ல அப்பால் எடுத்து வைத்தார்.