ரமாபாய் வாசலின் கரித்தூள்

எண்ணூரில் நிலக்கரி கொட்டிவைக்கும் தனியார் கிடங்கு ஒன்றின் மதிலை ஒட்டியது ரமாபாயின் வீடு. வியாசர்பாடியில் பிறந்து இங்கே வாழ வந்தவர். கன்டெய்னர் நிறுவனம் ஒன்றில் துப்புரவுப் பணி செய்கிறார். கணவர் அறிவு மூச்சிரைப்பால் வேலையை விட்டுவிட்டார். மதிலுக்கு அப்பால் இருக்கும் கரிக்குவியலைத் தார்ப்பாய் போட்டு மூடச் செய்ய வேண்டும் என்பதே ரமாபாய் கொடுத்த மனு. விசாரணைக்குச் சான்று கொண்டுவருமாறு மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் கூறியிருந்தார்கள்.

அதனால், விடிந்ததும் வாசலைப் பெருக்கும் வழக்கத்தை அவர் சற்றுத் தள்ளிவைத்தார். இரவெல்லாம் படிந்த கரித்தூளை முதலில் படம் எடுப்பார், பிறகே துடைப்பம். எந்த வீடு என்று கேட்பார்களே என்று, கதவிலக்கமும் விழும்படி தெருவரை பின்னே நகர்ந்து நின்று எடுப்பார். எதிர்வீட்டுச் சொக்கம்மாளுக்கு அது வேடிக்கை.

“இன்னா ரமா, பெருக்காம போட்டோ புட்ச்சிகினு கீற? குப்பைக்குக் கல்யாணமா?”

ரமாபாய் இன்னும் ஓரடி பின்னே நகர்ந்து அடுத்த படத்தை எடுப்பார்.

கைப்பேசியில் இடம் தீர்ந்தது. படங்களை இலவசமாகச் சேமித்து வைக்கும் இணையதளம் ஒன்றில் மகள் மதி அவற்றை ஏற்றிக்கொடுத்தாள். இனிக் கைப்பேசி தொலைந்தாலும் படங்கள் தொலையா என்றாள். அது உண்மைதான். ஏற்றி முடித்ததும் கைப்பேசியில் இருந்தவற்றை இருவரும் அழித்தனர். அதன்பின் இடம் தீரும்போதெல்லாம் அப்படியே செய்தனர். அந்தத் தளம் ஒவ்வொரு படத்தையும் சுருக்கித்தான் வைத்துக்கொள்ளும் என்பதை இருவரும் அறியார். கைப்பேசியின் சிறு திரையில் வேறுபாடு எதுவும் தெரியவில்லை.

விசாரணை நாளில் அலுவலர் அப்படங்களைப் பெரிய திரையில் திறந்தார். கதவு தெரிந்தது, கதவிலக்கமும் தெரிந்தது. ஆனால், அருகருகே கிடந்த நுண்துகள்களையெல்லாம் தளம் ஒரே நிறமாக்கிச் சுருக்கியிருந்தது. வாசல் வெறும் பழைய சிமென்ட் தரையாகக் கிடந்தது. பெரிதாக்கியபோது சாம்பல் நிறக் கட்டங்களே வந்தன.

“இதுல தூசி எங்கம்மா இருக்கு? பளிச்சுனு பெருக்கி வெச்சிருக்கீங்க,” என்றார் அவர். குரலில் ஏளனம் இல்லை.

“பெருக்கல சார். பெருக்கறதுக்கு முன்னாடி எட்த்தது.”

மூலப்படங்கள் இருக்கின்றனவா என்று கேட்டார். இல்லை என்றாள் மதி. மீண்டும் எடுத்து வரட்டுமா என்று அவள் கேட்டதற்கு, இம்மனு இன்றோடு முடிகிறது, புதிதாக ஒன்று கொடுத்தால் வரிசைப்படி அழைப்போம் என்றார். கிடங்கின் சார்பில் வந்தவர் தம் கோப்பை எடுத்துப் பைக்குள் வைத்தார். பேச வேண்டிய தேவையும் அவருக்கு இருக்கவில்லை.

எழுத்தர் ஒரு தாளை நீட்டினார். மனுதாரர் அளித்த படங்களில் தூசி எதுவும் காணப்படவில்லை என்று அதில் இருந்தது. மதி அதைப் படித்துக் காட்டிவிட்டு, கையெழுத்துப் போட வேண்டாம் என்று தாயின் முழங்கையைப் பிடித்தாள்.

“படத்துல இல்லதானே மதி,” என்றார் ரமாபாய்.

காட்டிய இடத்தில் கையெழுத்திட்டார். பேனாவை எழுத்தரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, அடுத்தவர் உட்காரும்படி நாற்காலியை விட்டு எழுந்தார்.